கம்பளி கட்டாத வாசல்

பிறந்து மூன்றே நாளான என் மகளை, அந்தப் பனியில், வெறும் உடம்போடு முற்றத்தில் கிடத்தியிருந்தாள் தாதி சீலோனிஸ்.

பிள்ளை வீரிட்டு அழுதது. அவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"துணியைச் சுத்துடி. பச்சப்புள்ளையா, காயப்போட்ட மீனா?" என்றாள் என் நாத்தனார் பிலின்னா.

"எங்க ஊர்ல துணி சுத்த மாட்டோம்மா."

"உங்க ஸ்பார்ட்டாவுல வேற என்னதான் செய்வீங்க? கிழவனுங்க கூடி வந்து பிள்ளையப் புரட்டிப் பாப்பாங்களாம். நோஞ்சான்னா மலைப் பள்ளத்துல வீசிடுவாங்களாம். பெத்தவ பாத்துட்டு நிப்பாளாம். நீங்கள்லாம் மனுஷங்களா?"

"வீசுவாங்கம்மா" என்றாள் சீலோனிஸ்.

ஏதென்ஸில் கொஞ்சம் வசதியான வீடென்றால் பிள்ளை வளர்க்க ஸ்பார்ட்டாக்காரியைத்தான் வாங்குவார்கள். எனக்கு அவளைப் பார்த்தாலே பயம். அழுதால் தூக்க மாட்டாள். முதல் நாளே பிள்ளையைத் திராட்சை மதுவில் குளிப்பாட்டினாள். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன். "வேற தாதி பாக்கலாமாங்க?"

"அஞ்சாம் நாள் கழியட்டும்" என்றார். அவர் சபையில் பேசப் போகும் பேச்சைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெத்த பிள்ளையக் கொல்ற ஊரோட நமக்கென்ன சமாதானம்? இப்படித்தான் ஆரம்பிக்கப்போறேன். எப்படி இருக்கு?"

"நல்லாயிருக்குங்க" என்றேன்.

பையன் பிறந்தால் வாசலில் ஆலிவ் வளையம் மாட்டுவார்கள். பெண் என்றால் கம்பளி நூல் கட்டுவார்கள்.

"கம்பளி கட்டியாச்சா அண்ணி?" என்று பிலின்னாவிடம் கேட்டேன்.

"கட்டுவான், கட்டுவான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேச்சு மும்முரத்தில் மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் வந்தது. தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டு அடுப்பைச் சுற்றி ஓடினால்தான் அது எங்கள் பிள்ளை. பெயர் அதற்கப்புறம்தான். நான் மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தேன்.

அவர் வந்தார். அடுப்பருகே கிடந்தவளைக் குனிந்து பார்த்தார்.

"ஏற்கெனவே ரெண்டு பொண்ணு இருக்கு" என்றார். மேல்துணியைப் போட்டுக்கொண்டு சபைக்குக் கிளம்பிவிட்டார்.

பிலின்னா அகன்ற வாய் வைத்த மண்பானை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அழாத. நாம என்ன அவங்கள மாதிரி வீசவா செய்றோம்? கோட்டை வாசலுக்கு வெளிய பதமா வச்சிட்டு வருவோம். யாராவது எடுத்துக்குவாங்க. என்னோடதும் ஒண்ணு அப்படித்தான் போச்சு."



"நான் கொண்டுபோறேம்மா" என்று சீலோனிஸ் முன்னால் வந்தாள். தன் போர்வையை எடுத்துப் பிள்ளையை இறுக்கிச் சுற்றிப் பானைக்குள் வைத்தாள். அவள் துணி சுற்றி நான் பார்த்தது அன்றுதான்.

பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தாள்.

"பானை வாங்க ஐயா முதல் நாளே என்னை அனுப்பிட்டாரு தாயி. பிள்ளை எடுக்கிறவங்க விடிஞ்சாத்தான் அந்தப் பக்கம் வருவாங்க. ஒரு ராத்திரிக் குளிரை இவ தாங்கணும். பழக்கிவிட எனக்கு நாலு நாள்தான் கெடச்சுது."