கேஃபேப்

லோனியின் கையை ஒருமுறை அழுத்தினேன். அவனும் அழுத்தினான்.

மல்யுத்த மேடையில் எங்கள் இருவருக்குள் இருந்த பாஷை அது. ஓங்கிக் குத்துவதுபோல் குத்திவிட்டு, பிடி போடும் சாக்கில் கையை அழுத்துவேன். அவன் திரும்ப அழுத்தினால் அடி படவில்லை என்று பொருள்.

இப்போது மேடையில் இல்லை. டென்னசியில் ஒரு சந்தைத் திடலின் உடை மாற்றும் அறையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் கிடந்தான். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை.

பதினோரு வருடமாக மேடையில் அவன் நல்லவன், நான் ரஷ்யாவிலிருந்து வந்த கொடியவன். நான் பிறந்தது இதே அமெரிக்காவில், கென்டக்கியில்.

ஒரே காரில்தான் போவோம். ஊர் நெருங்கியதும் நான் பின்சீட்டில் போர்வைக்குள் பதுங்கிவிடுவேன். எங்கள் சண்டை நாடகம் என்று தெரிந்தால் எல்லார் பிழைப்பிலும் மண் விழும். கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது. சொல்லவே இல்லை என்று லோனி சத்தியம் செய்வான்.

அழுத்தினேன். லேசாக அழுத்தினான்.

"கேஃபேப்," என்றார் வாசலில் நின்ற நடுவர்.

வெளியாள் வருகிறார் என்பதற்கு எங்கள் ஆட்கள் சொல்லும் சொல். அது காதில் விழுந்தால், கட்டிப்பிடித்து அழுகிறவனும் முறைத்தாக வேண்டும்.

வந்தது லோனியின் மனைவி ஆர்லீன்.

அவன் கையை உதறிவிட்டு எழுந்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. வாய் மட்டும் பழக்கத்தில் பேசியது.

"எங்கிட்ட மோதினா இதான் கதி. சாவட்டும்."

ஆர்லீன் என்னைத் தாண்டிப் போய் அவன் தலைமாட்டில் மண்டியிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"போதும் ஹோபர்ட்டண்ணே. உங்க ரஷ்யக் கோட்டுக்கு இத்தன வருசமா பட்டன் தெச்சது யாருன்னு நெனச்சீங்க? வந்து இவரு கையப் பிடிங்க."

ஹோபர்ட் என்ற என் சொந்தப் பெயர் எங்கள் ஆட்களைத் தாண்டிப் போனதில்லை. பட்டனைத் தானே தைத்ததாகச் சொல்லித்தான் லோனி ஒவ்வொரு முறையும் கோட்டைத் திருப்பித் தருவான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்து அழுத்தினேன்.

சூடாகத்தான் இருந்தது. மறுபடி அழுத்தினேன்.

சாவட்டும் என்று சொன்னதுதான் என் குரலில் அவன் கடைசியாகக் கேட்டது.