துருக்கிக்கு இரண்டு பேர்

தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெலிக்ஸ், தன் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்குத் துருக்கியைத் தேர்ந்தெடுத்தார். துணைக்கு மதுரையில் இருக்கும் தங்கை ஜெசிந்தாவின் பெயரையும் பயணச் செயலியில் சேர்த்தார். பார்க்க வேண்டிய ஊர்களைச் சொன்னதுமே, இனிமேல் போகப்போகும் பயணத்தின் படங்களை அது இப்போதே உருவாக்கி இருவருக்கும் அனுப்பிவிட்டது. ஒன்றில், பழைய மசூதி வாசலில் ஜெசிந்தா நின்றாள். அது அவர் எடுத்த படம். படகில் தேநீரோடு அவர் சிரித்தார். அது அவள் எடுத்தது.

மாலையில் ஜெசிந்தா போனில் கூப்பிட்டாள். "படமெல்லாம் பாத்துட்டேண்ணே. போயிட்டு வந்த மாதிரியே இருக்கு. பக்கத்து வீட்டுக்கெல்லாம் காமிச்சாச்சு. இனி எதுக்கு அலையணும்?"

"சரிம்மா," என்றார். வற்புறுத்துவது அவருக்கு வராது.

செயலியில் இரண்டு பேர் என்றிருந்ததை ஒருவர் என்று மாற்றினார். புதுப் படங்கள் வந்தன. மசூதி இருந்தது, படகு இருந்தது, அவர் குடிக்கவேண்டிய தேநீர்கூட இருந்தது. ஒரு படத்திலும் அவர் இல்லை.

"நான் எங்கப்பா?" என்று செயலியிடம் கேட்டார்.

"நீங்க செல்ஃபி எடுக்கிற ஆள் இல்ல, சார்," என்றது அது. "முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட கேக்கவும் கூச்சப்படுவீங்க. அங்க உங்களைப் படம் எடுக்க யாரு இருக்கா?"