ஏழாம் பதிப்பு

'பெயரிடுகிறவனே படைக்கிறவன்' என்ற வாசகம் கூட்ட அறையின் கண்ணாடிச் சுவரில் பொன்னிற எழுத்துகளில் மின்னியது. சொன்னவர் முதலாளி. ஒட்டச் சொன்னவரும் அவரே.

அந்தப் பொன்மொழிக்கு நேர்கீழே அவருடைய அக்கா மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"உன் சாஃப்ட்வேர்ல புதுசா ஏதாவது வந்திருக்கான்னு பார்த்தா, 'உங்களிடம் இருப்பதே ஆகப் புதியது'ன்னு பல்லை இளிக்குதுடா. இருந்த படத்தைத்தான் காணோம்."

அக்காவின் கணவர் இறந்துபோய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருடைய படங்கள் எல்லாம் அவளுடைய கைபேசியில் இருந்தன. கைபேசியில் இருப்பதைக் கணினிக்கு மாற்றிவிட்டு, கைபேசியைக் காலி செய்து தரும் மென்பொருள் ஒன்றைத் தம்பி பரிசாகக் கொடுத்திருந்தார். நிறுவனத்தின் பெருமைமிகு தயாரிப்பு.

கணினியில் இடம் தீர்ந்ததும் மாற்றுவது நின்றுவிட்டது. காலி செய்வது நிற்கவில்லை.

உண்மையில் அது நிறுவனம் எழுதியது அல்ல. எங்கோ ஓர் ஆள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு உட்கார்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் விட்டது. நிறுவனம் அதை எடுத்து, நிறத்தை மாற்றி, முத்திரை குத்தி, மறுபடி பொட்டலம் கட்டி விற்றது. அதில் தவறில்லை. எழுதிய ஆளே அனுமதித்ததுதான்.

அப்படிக் கட்டி விற்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. அசலின் பதிப்பு எண்ணில் கை வைக்க மாட்டார்கள். அதன் பின்னால் தங்கள் அடையாளமாக ஒரு சின்ன வால் சேர்ப்பார்கள். 1.9.2-ஐ எடுத்தால் அதுவும் 1.9.2தான், வாலோடு. நாளைக்கு அசலில் 1.9.3 வந்தால், கணினி இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பெரியதைத் தானாகவே இறக்கிக்கொள்ளும்.

கட்டும் வேலை செய்பவளுக்கு அலுவலகத்தில் 'பொட்டலம்' என்று பெயர். பதிப்புக்கு எண் வைத்த அன்று, இதே அறையில், இதே மேசையில், வாலைப் பற்றிச் சொன்னவள் அவள்தான்.

"வாலா? நாம என்ன குரங்காம்மா? போட்டிக் கம்பெனிக்காரன் ஆறுல நிக்கிறான். நமக்கு ஏழு!"

அறையே சிரித்தது. முதலாளியின் நகைச்சுவைக்குச் சிரிப்பதும் சம்பளத்தில் சேர்த்திதான். பொட்டலமும் சிரித்தாள்.

ஏழு என்று வைத்துவிட்டால் அசலிலிருந்து இனி எது வந்தாலும் கணினிக்குப் பழசாகத்தான் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். சிரித்து முடித்த பிறகு சொல்லலாம் என்று இருந்தாள். அதற்குள் கேக் வந்துவிட்டது.

இப்போது அக்கா அவள் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லும்மா. இப்படி ஒரு கோளாறு இருக்குன்னு யாருக்குமே தெரியாதா?"

"எழுதினவருக்குத் தெரியும்மா. போன மாசமே சரி பண்ணி வெளியில விட்டுட்டார்."

"அப்புறம் எனக்கு ஏன் வரல?"

பொட்டலம் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி மேசையைப் பார்த்தார்.

அக்கா கத்துவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கெஞ்சினாள்.

"சரி, போனது போகட்டும்டா தம்பி. நல்லது கெட்டது எதுன்னாலும் வந்து படமா எடுத்துக் குவிப்பியே. உன் கம்ப்யூட்டர்ல அவரு இருப்பாருல்ல? திறந்து காட்டேன்."

"சார்ஜ் இல்லக்கா."

சார்ஜர் செருகித்தான் இருந்தது. அக்கா மேசையில் இருந்த அவருடைய கணினியை அவர் பக்கம் நகர்த்தினாள். முதலாளி கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தார். மறுபடியும் தப்பாக அடித்தார். பிறகு வேறு வழியில்லாமல் சரியாக அடித்தார்.

படங்கள் வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

முதலாளி விருதோடு. முதலாளி ஒலிபெருக்கியோடு. முதலாளி புதுக் காரில் சாய்ந்தபடி. முதலாளி கடற்கரையில் கைகளைக் கட்டிக்கொண்டு, எதிர்காலத்தைப் பார்த்தபடி.

அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். கணவர் கிடைத்தார். ஒன்றில் தோள். ஒன்றில் பாதி முதுகு. கடற்கரைப் படத்தின் ஓரத்தில், மைத்துனர் நனையாமல் இருக்கக் குடை பிடித்த கை மட்டும், கடிகாரத்தோடு.

அந்தக் கையை அவள் விரலால் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். அது கட்டம் கட்டமாக உடைந்து, கை என்றே சொல்ல முடியாமல் போனது. அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமாவைத் தனியா ஒரு படமாவது எடுத்திருக்கலாம்க்கா," என்றார் முதலாளி. மேடைக் குரல் எங்கேயோ போயிருந்தது.

அவள் தலையாட்டினாள். அந்த ஒரு கை போதும், தன் கைபேசிக்கு அனுப்பிவிடு என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், ஏதோ ஞாபகம் வந்தவள்போலக் கேட்டாள்.

"ஆமா, உன்னுது மட்டும் எப்படிடா தப்பிச்சுது?"

பொட்டலம் திரையின் மூலையில் 1.9.3 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

முதலாளி தன் கணினியில் ஏழாம் பதிப்பை ஏற்றியிருக்கவில்லை. அவர் வைத்திருந்தது அசல்.