சலவைக்கடை மாடியில் ஒரு காலிப் பெட்டி

கிட்ட வந்து உட்காருங்கள் செல்லங்களா, கதவைக் கொஞ்சம் ஒருக்களித்து வையுங்கள். உரக்கச் சொல்ல முடியாத கதை இது. சிரிக்காமல் கேட்கவும் முடியாது.

சலவைக்கடை மருமகள் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தபடி நின்றாள். கையிலிருந்த அட்டைப்பெட்டி காலி.

குலுக்கிப் பார்த்தாள். உள்ளே மடித்து வைத்திருந்த விவரச் சீட்டு மட்டும் சரசரத்தது.

மதிய நேரம். கீழே கடை சாத்தியிருந்தது. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில். அறைக்குள் கணவன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நல்ல பிள்ளையாகக் காத்திருந்தான்.

என்ன பெட்டி என்கிறீர்களா? கரு தங்காமலிருக்கப் பெண்கள் உள்ளே வைத்துக்கொள்ளும் மாத்திரை. மெழுகுபோல் இருக்கும். விழுங்குகிற மாத்திரை அவளுக்கு மண்டையைப் பிளந்தது. காப்பர்-டி வைத்துப் பார்த்தாள், உதிரப்போக்கு நிற்கவில்லை. ஹார்மோன் கலக்காத இதை நர்ஸ் அக்காதான் சொன்னாள். இதை மட்டும் நம்பாதே, அவரையும் உறை போடச் சொல் என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பினாள்.

மூன்றாவது வேண்டாம் என்பதில் இவள் கல். பெற்ற இரண்டுமே அவளைப் பிழிந்து கொடியில் போட்டிருந்தன.

சொல்வது சுலபம். கீழே நாலு இஸ்திரிப் பெட்டிகள் கொதிக்கிற வீட்டில், அலமாரியில் வைத்த முதல் பெட்டி ஒரே நாளில் உருகிக் கஞ்சியாகிவிட்டது. அதனால்தான் ஃபிரிட்ஜ். முட்டைத் தட்டுக்குப் பின்னால்.

அதோடு முடிந்ததா? வைத்தபின் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும், அது கரைவதற்கு. அவனுக்கோ பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வராது. ஒரே ஒரு சட்டை தேய்த்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்குவான். ஒரு சட்டை ஒரு மூட்டையாகும். ஒரு மணி நேரம் தாண்டினால் மருந்து வீண், இன்னொன்று வைக்க வேண்டும். அவன் வியர்த்து விறுவிறுத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பான். இவள் மின்விசிறியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

அப்படி வீணானது போகவும் பெட்டி இளைத்துக்கொண்டே வந்தது. தன் மறதி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஆனால் முந்தாநாள் கண்ணால் பார்த்தாளே, இருந்ததே! இடையில் இருவருக்கும் முகம் பார்த்துப் பேசக்கூட நேரமில்லை.

பெண்கள் விடுதிக்குத் துணி கொண்டுபோகிறவன் யார்? போகும்முன் தலையைப் படிய வாரிக்கொள்கிறவன் யார்?

"எவளுக்குக் கொண்டுபோய்க் குடுத்தீங்க?"

பெட்டி அவன் மார்பில் பட்டு விழுந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தான்.

"அடிப்பாவி, இதைப் போய் யாராச்சும் கைமாத்தா குடுப்பாங்களா?"

சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது.

அவள் பரண்மேலிருந்த பையை இழுத்துப் போட்டுப் பிள்ளைகளின் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தாள். அவன் தேய்த்து மடித்த துணிகள். அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோனது. பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டான், இன்னொரு காதை அவள் இழுத்தாள். சத்தியம் செய்தான். இவள் காதில் ஏறவில்லை.

வாசலில் மாமியார் வந்து நின்றாள். தெருவே நடுங்கும் வாய் அந்த அம்மாளுக்கு. அன்றைக்கு என்னவோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகளை முழங்கையில் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"அவன விடு. நான்தான் எடுத்தேன்."

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அத்தை! அது மூலத்துக்கு வைக்கிற மருந்து இல்ல அத்தை!"

"தெரியும்டி. உள்ள இருக்கிற சீட்டைப் படிச்சுட்டுத்தான் எடுத்தேன்."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு இன்னும் மாசாமாசம் வந்துக்கிட்டுதான் இருக்கு. இந்த நரைச்ச தலையோட மருந்துக்கடையில போய் நின்னு, நான் என்னன்னு கேக்கறது?"

மகனைப் பெற்றபோது அத்தைக்கு வயது பதினேழு என்பது மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. நாள் முழுக்க வாய் திறக்காமல் கோட்டு தேய்க்கிற மாமா நினைவுக்கு வந்தார். கோபப்படுவதா, காலில் விழுவதா என்று தெரியவில்லை. குழாயை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

அவன் இன்னும் பையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

கொக்கியிலிருந்த சட்டையை உருவி அவன்மேல் போட்டாள்.

"எழுந்திரிங்க. மருந்துக்கடைக்குப் போய் ரெண்டு பெட்டி வாங்கிட்டு வாங்க."

"ரெண்டா? எதுக்கு?"

"ஒண்ணு நமக்கு. இன்னொண்ணு, உங்களுக்குத் தம்பி பொறக்காம இருக்க."

போய் வாருங்கள் செல்லங்களா. உங்கள் வீட்டில் பிறப்பதெல்லாம் கேட்டுப் பிறந்த பிள்ளைகளாக இருக்கட்டும். கேட்காமல் வருவது சிரிப்பு மட்டுமாக இருக்கட்டும்.