பன்னிரண்டாம் தூண்

சாணி மணக்கும் எந்தக் கட்டடத்துக்கும் சரித்திரம் கிடையாது என்று உலகுக்கு அறிவிக்கவே பிறந்தவர் ஓவசியர் நவரத்தினராசா. 1981இல் மல்லாவியில் றோட்டை அகலிக்கும் வேலையை மேற்பார்க்க வந்தார். வழியில் தெய்வானைப்பிள்ளையின் பழைய மாட்டுக்கொட்டில் நின்றது. பழமைப் பெறுமதி உண்டென்று அவர் எழுதினால் அது தப்பும். இல்லையென்றால் திங்கட்கிழமை இடிப்பார்கள்.

கொட்டிலில் பன்னிரண்டு பாலைமரத் தூண்கள், பதினொரு மாடுகள். பின்னேரம் தெய்வானைப்பிள்ளை மாடு கட்டாத வெறுந்தூணடியிலும் வைக்கோல் போட்டார்.

"என்ன அக்கா, காத்துக்கும் தீனியோ?"

"ஓம் தம்பி. கொட்டில் கட்டின நாளில இருந்து பன்னிரண்டு பங்கு. அதில ஒண்டு இல்லாட்டி மற்றதுகள் தின்னாதுகள்."

"அப்ப பாலும் கறக்கிறனீங்களோ?" ஓவசியர் விழுந்து விழுந்து சிரித்தார்.

தெய்வானைப்பிள்ளை பால்வாளியோடு வீட்டுக்குப் போனார். ஓவசியர் "பெறுமதி இல்லை" என்று எழுதிவிட்டு, தூண்களை நாடாவால் அளந்தார். அளந்து முடித்தபோது வெறுந்தூணடியில் வைக்கோல் இல்லை. மாடுகள் கட்டியபடியே நின்றன. பதினொன்றும் தின்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தன.

ஓவசியர் எழுதியதை அழித்தார். வாசல்பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, ஒரு பிடி வைக்கோலை அள்ளி அந்தத் தூணடியில் நீட்டினார்.

மறுமுனை மெல்ல இழுபட்டது.