எட்டரை மணி மழை

நான் அந்தக் கேள்வியைக் கேட்டதும் யூனிஸ் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அரங்கில் அவளுடைய பிஎச்.டி. வைவா, வாய்மொழித் தேர்வு, நடந்துகொண்டிருந்தது; நான் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். அஸ்தினாபுரத்திலிருந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா, மகளுக்கு என்ன ஆயிற்று என்று பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார்.

கேள்வி சின்னதுதான். மழைமானியைக் காலை எட்டரைக்குத்தான் பார்ப்பார்கள். நேற்றுப் பகலெல்லாம் கொட்டிய மழை இன்றைய தேதியில்தான் ஏறும். செயற்கைக்கோள் கணக்கு அப்படியில்லை, அன்றைய மழை அன்றைக்கே. இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் ஒரு நாள் தள்ளிப் பொருத்த வேண்டும். பள்ளிக்கரணை வெள்ளத்தைப் பற்றிய யூனிஸின் ஆய்வேட்டில் அப்படிப் பொருத்தவில்லை.

வீட்டில் படிக்கும்போதே கண்ணில் பட்டுவிட்டது. தேர்வாளர் அறிக்கையில் வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் ஒரு மின்னஞ்சலோடு முடிந்துவிடும். எனக்கு அரங்கம் வேண்டும், ஆட்கள் வேண்டும், பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைடு தனசேகர் வேண்டும்.

எனக்கும் அவர்தான் கைடு.

இதே அரங்கு, இதே பிழை. என் முதல் அத்தியாயத்தைப் படித்தபோதே அதைப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் இருந்து, என் வைவாவில் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு எடுத்துப் போட்டார். பிறகு அதைப் பெருமையாக அவரே சொல்லிக்கொண்டார். புனேயில் எனக்காகக் காத்திருந்த விஞ்ஞானி வேலை வேறொருவருக்குப் போனது. நான் அவருடைய ஆய்வகத்திலேயே கிடந்து அவருக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். தட்டுத் தடுமாறித்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். மன்னிக்கிற குணமெல்லாம் எனக்குக் கிடையாது.

தேர்வாளராக என் பெயரை அவரே கொடுத்திருக்கிறார் என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது. வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

இப்போது அவர் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். அதற்காகத்தானே தாம்பரம் வரைக்கும் வந்தேன்.

அவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் முடிவு எதுவும் சொல்வதற்கு முன்பே மைக்கை எடுத்தார்.

"மேடம் சொல்றது ஹண்ட்ரட் பர்சென்ட் கரெக்ட். ரீசப்மிட் பண்ணட்டும். இன்னும் ஒரு வருஷம் நம்ம லேப்லயே இருந்து நிதானமா பண்ணட்டும்."

குரலில் வருத்தமே இல்லை.

காலையில் டீ குடிக்கும்போது துறையில் பேசிக்கொண்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பருவமழை வந்தால் தனசேகர் டிவியில் சொல்லும் முன்னறிவிப்பெல்லாம் யூனிஸ் கம்ப்யூட்டரில் ஓட்டும் வானிலை மாடலிலிருந்து வருவது. அவளுக்கு பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, பட்டம் கையில் இருந்தால் அடுத்த மாதம் சேரலாம். அவள் போய்விட்டால் அதை ஓட்ட இவரிடம் ஆளில்லை.

பிழை அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. தெரிந்தேதான் விட்டு வைத்திருக்கிறார். அதைக் கட்டாயம் பிடிக்கிற ஆள், பிடித்தால் அவர் மேலுள்ள ஆத்திரத்தில் லேசில் விடாத ஆள் யார் என்று யோசித்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

அவர் எதையும் மறக்கவில்லை. என் கோபத்தை நம்பித்தான் இருந்திருக்கிறார்.

இத்தனை வருஷம் கழித்தும் சம்பளமில்லாமல் அவருக்கு வேலை செய்ய வந்திருக்கிறேன்.

மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"ரீசப்மிஷன் எதுக்கு சார்? தேதியை ஒரு நாள் தள்ளி மறுபடி ரன் பண்ணா ரிசல்ட் இன்னும் நல்லாத்தான் வரும். சாயங்காலத்துக்குள்ள யூனிஸ் பண்ணிக் காட்டட்டும், கையெழுத்துப் போட்டுட்டே கிளம்பறேன். டிகிரிக்கு நான் இப்பவே ரெகமண்ட் பண்றேன்."

யூனிஸ் நம்பாமல் என்னையே பார்த்தாள். அவள் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பெண்ணுக்காகச் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொஞ்ச நேரத்துக்கு முன்பு வரை அவள் வேலை போனாலும் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

வைவாவின் முடிவை அறிவிப்பது கைடின் வேலை. எழுந்து நின்று, 'டாக்டர் யூனிஸ்' என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் எல்லோரும் கைதட்டுவார்கள்.

மைக்கை அவரிடமே நீட்டினேன். அவர் வாங்கும்வரை கையை இறக்கவில்லை.