போய்ட்டான்

“தோஸ்த், பேஜாராப் போச்சு! ஜம்புலிங்கத்த டேசன்ல பார்த்தேன். உசுரோட இங்கதான் வர்றான்!”

தோல் மண்டியில் காசியோடு வேலை செய்யும் அஹமது பாஷா மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு, நமக்கேன் வம்பு என்று வந்த வழியே நழுவினான்.

மாவாட்டிக்கொண்டிருந்த காசியின் கை குழவியோடு நின்றுவிட்டது.

ஆமாம், அந்த வீட்டில் மாவாட்டுவது காசிதான். பகலெல்லாம் மண்டியில் பாடுபட்டுவிட்டு வந்து தண்ணீர் இழுப்பதும் அவன்தான். அமிர்தவள்ளியைக் கட்டிய நாளிலிருந்து இப்படித்தான். ‘பொண்டாட்டிதாசன்’ என்று ஆம்பூரில் அந்தத் தெருவே சிரித்தது. காரணம் என்னவோ அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அமிர்தவள்ளி முதலில் ஜம்புலிங்கத்தின் பெண்டாட்டி. ஜெர்மன் சண்டைக்கு ஆள் எடுத்தபோது ஜம்புலிங்கமும் காசியும் ஒன்றாகத்தான் பஸ்ராவுக்குக் கப்பல் ஏறினார்கள். காசி மட்டும் திரும்பி வந்தான். அவள் தாலியை அறுத்தாள். அறுத்துக்கட்டும் வழக்கம் உள்ள ஜனம். அதனால் துக்கம் ஆறியதும் பெரியவர்களே கூடிப் பேசி அவளைக் காசிக்குக் கட்டிவைத்தார்கள்.

உள்ளேயிருந்து வந்த அமிர்தவள்ளியின் காலில் காசி தடாலென்று விழுந்தான்.

“இன்னாய்யா இது? எழுந்திரு!”

“நான் பாவி, அமிர்தம். ஜம்பு சாவல. அன்னிக்கு வாசல்ல நின்னு, ‘ஜம்பு போய்ட்டான் அமிர்தம்… பாக்தாத்துக்கு’ன்னுதான் சொன்னேன். ஊர்ப் பேர முன்னாடி சொல்லியிருக்கணும். ‘போய்ட்டான்’னதுமே நீ மார்ல அடிச்சிக்கினு அழுத. தெருவே கூடிடுச்சி. அந்த சத்தத்துல பாக்தாத்து அமுங்கிப்போச்சி.”

“திரும்பச் சொல்றதுதானே?”

“வாய் வரல. நீன்னா எனக்கு உசுரு. அவங்கிட்ட நீ பட்ட அடியெல்லாம் பார்த்தவன் நான். ஆனாலும் பொய் பொய்தானே? அந்தப் பாவம் தீரட்டும்னுதான் உன்ன ஒரு வேல செய்யவிடல.”

அமிர்தவள்ளி அவன் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

“நல்லா இருக்குடா நியாயம்!”

வாசலில் காக்கிக் கோட்டும் தகரப் பெட்டியுமாக ஜம்புலிங்கம் நின்றிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான்.

“உசுரோட இருக்கிறவனக் கொன்னுட்டு, எம் பொண்டாட்டியோட குடித்தனமாடா பண்ற?”

காசி கை கூப்பினான். “தப்பு என்மேலதான். அவ உன்கூட வர்றேன்னா நான் குறுக்க நிக்கமாட்டேன்.” சொல்லி முடிப்பதற்குள் அழுதே விட்டான். அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

ஜம்புலிங்கம் மீசையைத் தடவினான். இத்தனை வருஷம் ஒரு கடுதாசி போடாதவன், பெரிய மனது பண்ணுகிறவன்போலச் சொன்னான்:

“அமிர்தம், உம்மேல ஒரு குத்தமும் இல்ல. இவன் உன்ன ஏமாத்திட்டான். கெளம்பு, போலாம்.”

அமிர்தவள்ளி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“யாருய்யா என்ன ஏமாத்தினது? பாக்தாத்து என் காதுல நல்லாத்தான் விழுந்திச்சி. தெருவுல யார் காதுலயும் விழக்கூடாதுன்னுதான் அன்னிக்கு அம்மாம் சத்தமா அழுதேன்!”